தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளும் அனைத்துலகக் கணிதப் போட்டிகளும்: ஒரு வரலாற்றுப் பார்வை



தமிழ்ப்பள்ளி மாணவர்கள் வெளிநாடு சென்று பதக்கத்தோடு திரும்பும் செய்தியைக் காணாத மாதம் இப்போதெல்லாம் அரிதாகிவிட்டது. விமான நிலையத்தில் மாலையும் கையுமாகப் பெற்றோர்கள் நிற்கிறார்கள். மறுநாள் நாளிதழில் படம் வருகிறது. மகிழ்ச்சிதான். தோட்டப்புறத்துக் கொட்டகையில் தொடங்கிய கல்வி இன்று விமானம் ஏறுகிறது என்பதில் பெருமை கொள்ளாத தமிழாசிரியர் எவரும் இருக்க முடியாது. ஆயினும், இத்தகைய போட்டிகள் எங்கிருந்து வந்தன, யாருக்காகத் தொடங்கப்பட்டன, பத்து வயதுப் பிள்ளைகள் வரை எப்படி இறங்கி வந்தன என்பதை நம்மில் பலர் அறிந்திருக்கவில்லை. கணிதப் போட்டிகளை மட்டும் எடுத்துக்கொண்டு அதனை இங்கே எழுதுகின்றேன். இது வெறும் வரலாற்று ஆர்வத்தினால் எழுதுவதன்று. எந்தப் பிள்ளையை அனுப்புவது, எதற்காக அனுப்புவது என்று முடிவெடுக்கும் இடத்தில் இன்று நாம் இருக்கின்றோம்.

இன்றைய கணிதப் போட்டிகளின் தாய்வீடு ஹங்கேரி நாடு. 1894-ஆம் ஆண்டில் லோராண்டு ஏட்வஷ் என்னும் இயற்பியல் அறிஞர் அந்நாட்டின் கல்வியமைச்சரானார். அவரைச் சிறப்பிக்கும் பொருட்டு, அவர் தலைமை வகித்த கணித, இயற்பியல் கழகம் உயர்நிலைக் கல்வியை முடித்த மாணவர்களுக்கு ஒரு போட்டியை ஏற்படுத்தியது. வினாக்கள் மூன்றே மூன்றுதான். பின்னாளில் வானூர்தி இயலில் பெரும்புகழ் பெற்ற தியோடர் வான் கார்மான் 1898-இல் இப்போட்டியில் வென்றவர். அணு இயற்பியலாளர் எட்வர்டு டெல்லர் 1925-இல் வென்றவர்.

இவ்வளவும் பல நூல்களில் காணப்படும் செய்தியே. அதே 1894-இல் நடந்த இன்னொரு செயலை நம்மவர் அதிகம் பேசுவதில்லை. கியோர் என்னும் நகரில் டானியல் அரானி என்ற பள்ளி ஆசிரியர் மாணவர்களுக்கென ஒரு கணித மாத இதழைத் தொடங்கினார். ஒவ்வோர் இதழிலும் கணக்குகள் வெளியாகும். மாணவர்கள் வீட்டிலிருந்தே விடுவித்து அஞ்சலில் அனுப்புவார்கள். சிறந்த தீர்வுகளும் அவற்றை எழுதிய மாணவர்களின் பெயர்களும் அடுத்தடுத்த இதழ்களில் அச்சாகும். சிற்றூரில் படிக்கும் மாணவன் தன் பெயரைத் தலைநகர மாணவனின் பெயரோடு ஒரே பக்கத்தில் பார்த்தான். ஹங்கேரி போன்ற சிறிய நாட்டிலிருந்து இத்தனை கணித மேதைகள் எப்படித் தோன்றினார்கள் என்று கேட்பவர்கள் போட்டியைச் சுட்டிக்காட்டுவார்கள். என்னைக் கேட்டால் இதழைத்தான் சுட்டிக்காட்டுவேன். போட்டி ஆண்டுக்கு ஒருமுறை வரும். இதழ் மாதந்தோறும் வந்தது. அதைத் தொடங்கியவரும் நம்மைப் போன்ற ஒரு வகுப்பறை ஆசிரியர்.

அடுத்து இரஷ்யா. 1934-இல் லெனின்கிராடிலும் 1935-இல் மாஸ்கோவிலும் மாணவர் போட்டிகள் தொடங்கின. ‘ஒலிம்பியாட்’ என்னும் பெயர் இவ்வழியாகத்தான் பரவியது. 1959-இல் ருமேனியா நாடு அண்டை நாடுகளை அழைத்து அனைத்துலகக் கணித ஒலிம்பியாடை நடத்தியது. வந்தவை ஏழு நாடுகள். ஏழும் பொதுவுடைமை நாடுகள். மற்றவை மெல்ல மெல்லச் சேர்ந்தன. சிங்கப்பூர் 1988-இலும், இந்தியா 1989-இலும், மலேசியா 1995-இலும் முதன்முதலாகக் குழு அனுப்பின. ஆனால் இவையனைத்தும் உயர்நிலைப்பள்ளி மாணவர்களுக்கானவை. தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளை அனைத்துலக மேடையில் ஏற்ற வேண்டும் என்ற எண்ணம் அப்போது எவருக்கும் எழுந்ததாகத் தெரியவில்லை.

அந்த எண்ணம் இரண்டு வேறு வழிகளில் வந்தது. இவ்விரண்டையும் பிரித்தறிவது நமக்கு மிக இன்றியமையாதது என்று கருதுகின்றேன்.

ஒரு வழி ஆஸ்திரேலியாவில் தொடங்கியது. கான்பெரா நகரைச் சேர்ந்த பீட்டர் ஓஹாலரன் என்னும் கணிதப் பேராசிரியர் 1970-களில் நகர அளவில் ஒரு போட்டியை நடத்திப் பார்த்தார். 1978-இல் அது நாடு தழுவியதாயிற்று. சிறந்த சிலரைப் பொறுக்கி எடுப்பது அதன் முதல் நோக்கமன்று. வகுப்பில் உள்ள அனைவரும் எழுதக்கூடிய தாள் அது. தொடக்கத்தில் எளிய வினாக்கள், போகப் போகக் கடினம், கொடுக்கப்பட்ட விடைகளுள் ஒன்றைத் தெரிவு செய்தல். கணிதத்தில் தட்டுத்தடுமாறும் பிள்ளையும் சில வினாக்களுக்கேனும் விடை கண்டு மகிழ முடியும். இதனைக் கண்டு வியந்த பிரெஞ்சு ஆசிரியர்கள் இருவர், ஆந்திரே தெலெதிக், ழான் பியேர் பூதின் ஆகியோர், 1991-இல் தம் நாட்டில் அதே போன்றதொரு போட்டியைத் தொடங்கினர். ஆஸ்திரேலிய நண்பர்களுக்கு நன்றி செலுத்தும் வகையில் அதற்குக் ‘கங்காரு’ என்று பெயரிட்டனர். முதல் ஆண்டிலேயே 120,000 மாணவர்கள் எழுதினர். 1994-இல் பல ஐரோப்பிய நாடுகள் ஒன்றுகூடி, எல்லைகளற்ற கங்காரு என்னும் பொருள்படும் பெயரில் ஓர் அமைப்பை உருவாக்கின. இன்று உலகெங்கும் பல இலட்சம் பிள்ளைகள் எழுதும் போட்டி இது. முதலாம் இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக்கூடத் தனிப்பிரிவு உண்டு. மலேசியாவிலும் நடைபெற்றுள்ளது. இதற்காக எவரும் விமானம் ஏற வேண்டியதில்லை. தத்தம் பள்ளியிலேயே அமர்ந்து எழுதலாம்.

மற்றொரு வழி சீனத்தில் தொடங்கியது. ஹுவா லுவோகெங் என்னும் கணித அறிஞரைப் பற்றி ஆசிரியர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். சிறு கடை நடத்தியவரின் மகன். வறுமையால் படிப்பைப் பாதியில் விட்டவர். நச்சுக் காய்ச்சலால் ஒரு கால் ஊனமுற்றவர். கடையில் இருந்தபடியே தானாகக் கணிதம் பயின்று, 1930-இல் அச்சான ஒரு கட்டுரையின் வழியாகப் பேராசிரியர்களின் பார்வையில் பட்டு, சிங்ஹுவா பல்கலைக்கழகத்திற்கு அழைக்கப்பட்டார். பட்டம் ஏதும் இல்லாமலேயே பேராசிரியரானார். 1956-இல் சீனத்தின் நான்கு நகரங்களில் மாணவர்களுக்கான கணிதப் போட்டி தொடங்கியதில் இவருக்குப் பெரும்பங்கு உண்டு. 1985-இல் தோக்கியோவில் சொற்பொழிவு ஆற்றி முடித்த நிலையில் மாரடைப்பால் மறைந்தார். மறு ஆண்டே அவர் நினைவாகப் ‘பொற்கிண்ணம்’ ஒன்று நிறுவப்பட்டது. அது தொடக்கப்பள்ளி, இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகளுக்கானது.

இதற்குப் பின்னால் நடந்தது நாம் கண்திறந்து பார்க்க வேண்டிய பாடம். சீனத்தில் தொடக்கப்பள்ளியிலிருந்து இடைநிலைப்பள்ளிக்குச் செல்வதற்கான தேர்வு படிப்படியாக நீக்கப்பட்டு, வீட்டுக்கு அருகிலுள்ள பள்ளியில் சேர்க்கும் முறை வந்தது. நல்ல நோக்கந்தான். ஆனால் புகழ்பெற்ற பள்ளிகளுக்கு மாணவர்களைத் தரம்பிரிக்க ஏதாவது ஒன்று தேவைப்பட்டது. கணிதப் போட்டிச் சான்றிதழைப் பிடித்துக்கொண்டன. உடனே ‘ஒலிம்பியாட் கணிதம்’ என்ற பெயரில் டியூசன் வகுப்புகள் பெருகின. கணிதத்தில் நாட்டமே இல்லாத பிள்ளைகளும் சனி ஞாயிறுகளில் அவ்வகுப்புகளில் அடைபட்டனர். அரசு பன்முறை தடை விதித்தும் அடங்கவில்லை. இறுதியில் 2021 ஜூலையில் வந்த கடுமையான கொள்கையின் வழியாகப் பள்ளிப்பாடம் சார்ந்த டியூசன் தொழிலையே அரசு முடக்கிப்போட்டது. படிப்பைப் பாதியில் விட்டுக் கடையில் அமர்ந்து கணிதம் கற்ற ஒருவரின் பெயரால் அமைந்த கிண்ணம், காசுள்ளவன் வீட்டுப் பிள்ளைக்கு வாயிற்கதவாகிப் போனதை என்னவென்று சொல்வது?

இதை ஏன் இவ்வளவு விரித்து எழுதுகின்றேன் என்றால், நம் நாட்டிலும் அதே 2021-இல் யு.பி.எஸ்.ஆர். தேர்வு அகற்றப்பட்டது. 1988 முதல் 2019 வரை நடந்த தேர்வு அது. ‘எத்தனை ஏ?’ என்ற கேள்வியைச் சுற்றியே தமிழ்ப்பள்ளிகளின் ஆண்டு சுழன்றது. தமிழ்ப்பள்ளி மாணவன் 7ஏ எடுத்தால் கோயிலில் அர்ச்சனை, மண்டபத்தில் பாராட்டு விழா. அத்தேர்வு போன பிறகு, பெற்றோர் கேட்கும் சான்றுக்கு என்ன செய்வது? அந்த வெற்றிடத்தில்தான் பதக்கங்கள் வந்து அமர்ந்திருக்கின்றன. புறப்பாட மதிப்பீட்டிலும் அனைத்துலக நிலைப் பங்கேற்புக்குப் புள்ளி அதிகம். ஆகவே ‘அனைத்துலக’ என்ற சொல்லுக்கு ஒரு விலை ஏற்பட்டுவிட்டது. ஏழு நாடுகள் கூடிய 1959-ஆம் ஆண்டுப் போட்டியும் அனைத்துலகப் போட்டிதான். ஒரு விடுதி மண்டபத்தில் மூன்று நாட்டுப் பிள்ளைகள் கூடுவதும் அனைத்துலகப் போட்டிதான்.

இனி ஹாங்காங்கின் கதை. எனக்கு மிகவும் பிடித்தது இதுவே. போ லியுங் குக் என்பது 1878-இல் ஹாங்காங்கில் வணிகர்கள் ஆளுநரிடம் விண்ணப்பம் செய்து தொடங்கிய அறநிலையம். அக்காலத்தில் சீனத்துச் சிற்றூர்களிலிருந்து பெண்களும் சிறுமிகளும் கடத்தப்பட்டு, விற்கப்பட்டு, கப்பலேற்றப்பட்டனர். அவர்களை மீட்டு, அடைக்கலம் தந்து, இயன்றால் குடும்பத்தோடு சேர்ப்பதே அதன் பணி. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சிங்கப்பூரிலும் பினாங்கிலும் அதே பெயரில் காப்பகங்கள் இயங்கின. கப்பலேறி வந்த சீனச் சிறுமியரின் அவலத்தை அறிய, சஞ்சிக்கூலியாகக் கப்பலேறி வந்தவர்களின் வழிவந்த நமக்கு விளக்கம் தேவையில்லை. அந்த அறநிலையம் பின்னாளில் பள்ளிகள் பலவற்றை நிறுவியது. 1997-இல், பதின்மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கான தொடக்கப்பள்ளி உலகக் கணிதப் போட்டியைத் தொடங்கியது. ஒரு குழுவுக்கு நால்வர். தனித்தனியே எழுதும் தாள் ஒன்று. நால்வரும் சேர்ந்து விடுவிக்கும் தாள் ஒன்று. மலேசியக் குழுக்களும் இதில் பங்கேற்றுள்ளன.

நால்வர் சேர்ந்து விடுவிக்கும் அத்தாளைப் பற்றி ஒரு சொல். வகுப்பில் நாம் ‘பக்கத்தில் இருப்பவனைப் பார்க்காதே’ என்றுதான் கணிதத் தேர்வு வைக்கின்றோம். அங்கோ, பக்கத்தில் இருப்பவனோடு பேசித்தான் ஆக வேண்டும். யார் எந்த வினாவை எடுப்பது, யாருடைய விடையை யார் சரிபார்ப்பது என்று பதினொரு வயதுப் பிள்ளைகள் தாமே முடிவு செய்ய வேண்டும். இதனை எந்தச் செலவுமின்றி நாளைக்கே நம் வகுப்பறையில் நடத்திப் பார்க்கலாம். நான் நடத்துகின்றேன். மெல்லக் கற்கும் மாணவன் சரிபார்ப்பவனாக அமர்ந்து, முந்திரிக்கொட்டை மாணவனின் கூட்டல் பிழையைப் பிடிக்கும் காட்சி காணத் தக்கது.

இதே காலத்தில் சிங்கப்பூரிலும் 1990-களில் தொடக்கப்பள்ளிகளுக்கான கணித ஒலிம்பியாட் ஊன்றி வளர்ந்து, ஆசிய பசிபிக் வட்டாரத்திற்கும் விரிந்தது. 2000-களின் தொடக்கத்தில் இந்தோனேசியா தொடக்கப்பள்ளிகளுக்கான கணித, அறிவியல் ஒலிம்பியாடைத் தொடங்கியது. பட்டியல் நீளும், அது தேவையில்லை.

மொழியைப் பற்றிப் பேசாமல் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் இக்கட்டுரையை முடிக்க இயலாது. 2003-இல் நம் நாட்டில் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்திற்கு மாற்றப்பட்டன. 2009 ஜூலையில் அக்கொள்கையைக் கைவிடுவதாக அரசு அறிவித்தது. 2016-இல் இருமொழிப் பாடத்திட்டம் வந்தபோது தமிழ்ப்பள்ளிகளில் மீண்டும் அதே விவாதம் எழுந்தது. ‘அனைத்துலகப் போட்டிக்குப் போக வேண்டுமானால் ஆங்கிலத்தில் படித்தால்தானே முடியும்?’ என்று பெற்றோர் கேட்கின்றனர். நியாயமான கேள்வி. ஆனால் வரலாறு வேறு விடை சொல்கிறது. அனைத்துலகக் கணித ஒலிம்பியாடில் ஒவ்வொரு நாட்டுக் குழுத் தலைவரும் வினாத்தாளைத் தம் மாணவர் மொழியில் பெயர்த்துக் கொடுப்பதே மரபு. ருமேனியா மாணவன் ருமேனிய மொழியில் எழுதினான். ஹங்கேரி மாணவன் ஹங்கேரிய மொழியில் எழுதினான். கங்காருப் போட்டியின் வினாக்களைப் பல நாட்டவரும் ஆண்டுதோறும் கூடித் தெரிவு செய்து, தத்தம் மொழியில் பெயர்த்துக்கொள்கின்றனர். உலகத்தரம் என்பது ஒரே மொழி என்று எவரும் அங்கே நினைத்ததில்லை.

ஓர் எடுத்துக்காட்டு தருகின்றேன். ஒரு பையில் 5 சிவப்பு, 7 நீலம், 9 பச்சைக் கோலிகள் உள்ளன. பார்க்காமல் எடுக்கும்போது, ஒரே நிறத்தில் 3 கோலிகள் உறுதியாகக் கிடைக்க வேண்டுமானால் குறைந்தது எத்தனை கோலிகள் எடுக்க வேண்டும்? ஆங்கிலத்தில் இக்கணக்கைக் கொடுத்தபோது ஐந்தாம் ஆண்டு மாணவர் பலர் 3 என்று எழுதினர். ‘குறைந்தது’ என்னும் பொருள்தரும் சொல்லைப் பிடித்துக்கொண்டு, ‘உறுதியாக’ என்பதற்கான சொல்லைத் தாண்டிப் போய்விட்டனர். அதையே தமிழில் கொடுத்தபோது ஒரு மாணவி எழுந்து, ‘ஐயா, அதிர்ஷ்டம் இருந்தா மூனு போதும். அதிர்ஷ்டமே இல்லன்னா?’ என்று கேட்டாள். அந்தக் கேள்விதான் கணிதம். அதிர்ஷ்டமே இல்லாதவனுக்கு நிறத்துக்கு இரண்டாக 6 கோலிகள் வந்து சேரும். ஏழாவது எந்த நிறமானாலும் மூன்று கூடிவிடும். விடை 7. எண்களைக் கூட்டிக் கழிப்பதில் இப்பிள்ளைகளுக்குக் குறையில்லை. பிரச்சனைக் கணக்கின் ஒரு சொல்லை நின்று நிதானித்துப் பார்க்கும் பழக்கம் தாய்மொழியில்தான் முதலில் வருகிறது. அது வந்த பிறகு, அதே கணக்கை ஆங்கிலத்தில் படிக்கக் கற்றுக்கொடுப்பது சில வார வேலை.

தமிழில் புதிர்க்கணக்கு புதிதுமன்று. திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி ஒப்புவித்த பிள்ளைகள், 320-இல் ஒரு பங்காகிய முந்திரி முதற்கொண்டு பின்னங்களை வாய்ப்பாடாகச் சொன்னவர்கள். காரிநாயனாரின் கணக்கதிகாரத்தில், பலாப்பழத்தை அறுக்காமலேயே காம்பைச் சுற்றியுள்ள முட்களை எண்ணி, ஆறால் பெருக்கி ஐந்தால் வகுத்துச் சுளைகளின் எண்ணிக்கையைச் சொல்லும் கணக்கு உண்டு. பலாப்பழங்கள் அதற்குக் கட்டுப்படுகின்றனவா என்பது வேறு விஷயம்! ஒருமுறை வகுப்பில் அறுத்துப் பார்த்தோம். கணக்கும் பழமும் ஒத்துப்போகவில்லை. ஏன் ஒத்துப்போகவில்லை என்ற பேச்சில் ஒரு பாடவேளை முழுவதும் போயிற்று. சுளைகள் அதற்குள் தீர்ந்துவிட்டன.

பெற்றோர்களுக்குச் சில செய்திகள். அனைத்துலகக் கணித ஒலிம்பியாடிலேயே ஏறத்தாழப் பாதி மாணவர்களுக்குப் பதக்கம் உண்டு. தங்கம், வெள்ளி, வெண்கலம் 1:2:3 என்ற விகிதத்தில் வழங்கப்படும். ஆகவே பதக்கம் என்றதும் ‘உலகிலேயே மூன்றாமிடம்’ என்று எண்ணிவிட வேண்டா. அங்கே ஆறு வினாக்களுடன் இரண்டு நாள் போராடிப் பெறும் வெண்கலம் உண்மையிலேயே அரியது. சிறிய போட்டிகள் சிலவற்றில் அதே வெண்கலம் வருகைப்பதிவுக்குச் சமம். அண்மையில் எங்கள் பகுதிப் பள்ளிகளுக்கு ஓர் ஏற்பாட்டாளரிடமிருந்து அழைப்புக் கடிதம் வந்தது. கட்டணம், விமானச்சீட்டு, தங்குமிடம், சுற்றுலா அனைத்தும் விரிவாக எழுதப்பட்டிருந்தன. வினாத்தாளைத் தயாரிப்பவர் யார், கடந்த ஆண்டின் வினாக்கள் எங்கே கிடைக்கும் என்ற விவரம் மட்டும் இல்லை. பழைய வினாத்தாளை வெளியிடாத போட்டிக்கு என் மாணவர்களை அனுப்ப நான் பரிந்துரைப்பதில்லை. ஹங்கேரியில் 1894 முதல் வினாக்கள் அச்சில் உள்ளன. ஹாங்காங்குப் போட்டியின் பழைய தாள்களும் கங்காருத் தாள்களும் தேடினால் கிடைக்கின்றன.

இன்னொன்று செலவு. நால்வரை அனுப்ப ஆகும் தொகையைப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் திரட்டும்போது, அந்நால்வரைத் தெரிவு செய்தது எப்படி என்று மற்ற பெற்றோர் கேட்கக்கூடும், கேட்க வேண்டும். பணம் கட்ட முடிந்தவர் என்பது தெரிவு முறையாகாது. ஆறாம் ஆண்டு முழுவதற்கும் ஒரே தாளைக் கொடுத்து, தந்தை லாரி ஓட்டுபவராயினும் தாய் கையுறைத் தொழிற்சாலையில் இரவு வேலை செய்பவராயினும் முதல் நான்கு பெயர்களை அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டு, பிறகு பணத்தைத் திரட்டலாம். வரிசையை மாற்றினால் சண்டைதான் மிஞ்சும்.

எங்கள் பள்ளியில் புதன்கிழமைதோறும் புறப்பாட நேரத்தில் கணிதக் கழகம் நடைபெறுகிறது. தாளின் ஒரு பக்கத்தில் தமிழ், மறுபக்கத்தில் அதே கணக்கு ஆங்கிலத்தில். தமிழில் விடுவித்த பிறகுதான் தாளைத் திருப்ப வேண்டும் என்பது விதி. டானியல் அரானியைப் பின்பற்றி, சரியான தீர்வு எழுதியவர்களின் பெயர்களைச் சிற்றுண்டிச்சாலைச் சுவரில் ஒட்டுகின்றோம். விருப்பமுள்ள பள்ளிகள் அத்தாள்களைக் கேட்டுப் பெற்றுக்கொள்ளலாம். இதுவரை நாற்பது தாள்கள் சேர்ந்துள்ளன. அடுத்த வாரத் தாளின் முதல் கணக்கு இது: ஒரு புத்தகத்தின் பக்கங்களுக்கு 1 முதல் எண்ணிட மொத்தம் 192 இலக்கங்கள் அச்சிடப்பட்டன. அப்புத்தகத்தில் பக்கங்கள் எத்தனை?